பதின்மூன்று அங்கங்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், 1997 உயர்தர வகுப்பினர் சார்பில் அவர்களுள் வைத்தியரான ஒருவர் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எங்களிடம் முதலில் கேட்டது நீரிழிவு பற்றிய பேச்சு. நேரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. சாப்பாட்டில் பாயசம், வட்டிலப்பம் இரண்டும் உண்டு என்றும் சொன்னார்கள். வட்டிலப்பம் சாப்பிட்ட நானூறு பேருக்கு நீரிழிவைப் பற்றிச் சொல்வது கறுப்பு நகைச்சுவை அல்லவா என்று கேட்டோம். அப்படியென்றால் அதைப் பற்றியே பேசுங்கள் என்று செயலாளர் அக்கா சொல்லிவிட்டார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நாங்கள் பிடித்துக்கொண்டோம்.

இந்தப் பேச்சில் வரும் 'நாங்கள்' மரியாதைப் பன்மை அல்ல. ஒரே வாங்கில் இருந்து படித்த ஐந்து பேர் நாங்கள். இப்போது இருவர் இங்கிலாந்தில், ஒருத்தி ரொரன்ரோவில், ஒருத்தி மெல்பேணில், ஒருத்தி கிளிநொச்சியில். மூவர் வைத்தியர்கள், ஒருத்தி கணக்காளர், ஒருத்தி ஆசிரியை. பதினைந்து வருடங்களுக்கு மேலாக நாங்கள் ஐந்து பேரும் ஒரு வேலையைக் களவாகச் செய்துவருகிறோம். வந்த வேகத்தில் நிறுத்தப்பட்டு, எல்லோராலும் மறக்கப்பட்ட கார்ட்டூன் தொடர்களைத் தேடிப் பார்ப்பதுதான் அது. சிறுபிள்ளைகளுக்கு உரியவை அல்ல. சாவு, நோய், சிறை, குடி, வறுமை இவற்றை வைத்துச் சிரிக்கவைக்கும் தொடர்கள். நாற்பது தாண்டிய பெண்கள், அதிலும் வைத்தியர்கள், இதையா பார்ப்பது என்று எங்கள் வீடுகளில் கேட்டிருக்கிறார்கள். 'என்ன கண்டறியாத படம்' என்பது ஒருத்தியின் மாமியார் தந்த விமர்சனம்.

எங்களுக்குக் கார்ட்டூன் பிந்தித்தான் கிடைத்தது. ரூபவாஹினி 1982இல் தொடங்கியபோது நாங்கள் குழந்தைகள். டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் குரல் கொடுத்துத் தயாரித்த 'ஹா ஹா ஹரி ஹாவா' முயலைப் பார்த்து, ஒரு சொல்லும் விளங்காமலே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபோது எங்களுக்கு வயது 12. பிறகு ஜாம் போத்தல் விளக்கும், சைக்கிள் டைனமோவில் பாடும் றேடியோவும்தான்.

சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. பொம்பர் சத்தம் கேட்டவுடன் எங்கள் கணித மிஸ், "நாலாம் கணக்கை பங்கருக்குள்ளும் செய்யலாம், கொப்பியை எடுத்துக்கொண்டு ஓடுங்கோ" என்பார். ஓடியிருக்கிறோம், கொப்பியோடு. 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமமே எழுந்து நடந்த அந்த இரவு, நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட, மழையில், அடி எடுத்து வைக்க இடமில்லாத சனத்துக்குள் எங்களில் ஒருத்தி சொன்னாள்: "மிஸ்ஸின்ர வீட்டுவேலையில இருந்து தப்ப இவ்வளவு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கத் தேவையில்லை." தலையில் தையல் மெஷினைச் சுமந்துகொண்டு பக்கத்தில் நடந்த ஒரு ஐயா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அவள் அம்மா சிரிக்கவில்லை. எங்கே நின்று என்ன கதை என்று முதுகில் ஒன்று வைத்தார்.

அந்தப் பகிடியை வெளியூரில் யாருக்கும் நாங்கள் சொன்னதில்லை. சொன்னால் எங்கள் மனம் கல் என்று நினைப்பார்கள், அல்லது பாவப்பட்டு அழுவார்கள். இரண்டும் வேண்டாம் என்று விட்டோம்.

2008 குளிர்காலம். வட இங்கிலாந்தில் ஒரு சிறிய ஊர், வைத்தியசாலை விடுதியில் இரண்டு பேருக்கு ஒரு அறை. பழைய பொருள் விற்கும் தர்மக் கடையொன்றில் 50 பென்சுக்கு ஒரு டி.வி.டி. வாங்கினோம். அட்டையில் இருந்த படத்தைப் பார்த்து ஏதோ துப்பறியும் கதை என்றுதான் நினைத்தோம். அது 'மங்கி டஸ்ற்'. பி.பி.சி. த்றீ அலைவரிசை 2003இல் தொடங்கியபோது அதில் வந்தது. ஹரி தொம்ப்சன், ஷோன் பை இருவரும் உருவாக்கியது. மூன்று தொடர்கள், மொத்தம் 18 அங்கங்கள், 2005இல் முடிந்துவிட்டது. டி.வி.டி.யாக வந்தது முதல் தொடர் மட்டுமே.

இரவு நேர நகரம், மங்கிய நிறங்கள். ஒவ்வொரு சிறுகதையையும் வெவ்வேறு கை வரைந்திருக்கும். வீட்டுக்குப் பிந்தி வந்து மனைவிக்கு நம்பமுடியாத கதைகளை அளக்கும் ஒருவர் இருக்கிறார். வெஸ்ற் ப்றொம்விச்சில் தீவிரவாதிகளாக முயலும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்கள் சதித்திட்டம் தீட்டும்போதெல்லாம் அம்மா குறுக்கே வந்துவிடுவார். இவர்களோடு ஐவன் டொப்ஸ்கி என்றொருவர். செய்யாத கொலைக்கு எழுபதுகளில் சிறைக்குப் போனவர். சித்திரவதை தாங்காமல் ஒப்புக்கொண்ட வாக்குமூலம். இந்த ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள எங்களுக்கு ஆங்கிலம்கூடத் தேவைப்படவில்லை. பல வருடங்கள் கழித்து நிரபராதி என்று விடுதலை செய்கிறார்கள். வெளியே வந்தவருக்கு உலகம் பிடிபடவில்லை. திரும்பச் சிறைக்குள்ளேயே போக வழி தேடுகிறார்.

அறையில் சத்தம் போட்டுச் சிரித்தோம். பத்து நிமிடம் பொறுத்துத்தான், நாவற்குழியில் சிரித்த சிரிப்பு இது என்று ஒருத்தி சொன்னாள். அன்று இரவே ரொரன்ரோவுக்கும் மெல்பேணுக்கும் ரெலிபோன் எடுத்தோம்.

தொம்ப்சன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாம் தொடர் முடிந்த 2005ஆம் ஆண்டிலேயே அவர் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 45. புகைப்பழக்கம் இல்லாதவர். அவர் இருந்திருந்தால் இதையும் ஒரு அங்கமாக்கியிருப்பார் என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். சொன்னவள் புற்றுநோய் வாட்டில் வேலை செய்பவள்.

இனிச் சொல்லப் போவது பெருமைக்குரியது அல்ல. அந்த வருடம் எங்கள் வாட்டுக்கு ஒரு வயதான ஆங்கிலேயர் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார். வீட்டுக்கு அனுப்பினால் நாலாம் நாள் ஏதோ ஒரு நோவோடு வந்துவிடுவார். பரிசோதித்தால் ஒன்றும் இருக்காது. தனி ஆள். வாழ்நாளில் பெரும்பகுதியைப் பராமரிப்பு நிலையங்களில் கழித்தவர். நாங்கள் இருவரும் அவருக்கு 'ஐவன்' என்று பெயர் வைத்தோம். "ஐவன் வந்திட்டார்" என்று தமிழில் சொல்லி, நடைபாதையில் நின்று சிரிப்போம். தமிழ் யாருக்கு விளங்கப்போகிறது என்ற துணிவு.

விளங்கியது. அந்த வாட்டில் துப்புரவு வேலை செய்த அக்கா வடமராட்சிக்காரி. எங்களோடு கதைத்ததே இல்லை. ஒரு நாள் அதிகாலை வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளையள், எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். ஒம்பது வருசம் உள்ளுக்க இருந்து வந்தவன். இண்டைக்கும் ஆராவது வெளியால நிண்டு கதவைப் பூட்டினால்தான் நித்திரை கொள்ளுவான். அந்தக் கிழவனுக்கு நீங்கள் வைச்ச பேர் என்ன? அதுக்கு என்ன அர்த்தம்?"

நாங்கள் அர்த்தம் சொல்லவில்லை. பிறகு போய் மன்னிப்புக் கேட்டோம். "தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது" என்றார். கிழவரிடம் எதைக் கேட்பது? அவருக்கு எதுவும் தெரியாது. வாட்டில் யாருக்கும் பட்டப்பெயர் வைப்பதை அன்றோடு விட்டோம். ஐவன் வரும் இடங்களைத் திரும்பப் போட்டும் பார்த்தோம். யாரைப் பார்த்துச் சிரிக்கவைக்கிறார்கள், உள்ளே போட்டவர்களையா, வெளியே வந்து முழிக்கும் மனிதனையா என்று இரவிரவாக வாதாடினோம். இரண்டும் கலந்துதான் இருக்கிறது. நாங்கள் வைத்தியசாலையில் சிரித்தபோது முதலாவது இருக்கவே இல்லை.

அதற்குப் பிறகும் தேடுவதை நாங்கள் நிறுத்தவில்லை. பார்க்கும் விதம் கொஞ்சம் மாறியது.

ரொரன்ரோக்காரி அனுப்பியது 'குளோன் ஹை'. பில் லோர்ட், கிறிஸ்தோபர் மில்லர், பில் லோறன்ஸ் மூவரும் உருவாக்கியது. 2002 நவம்பரில் கனடாவில் தொடங்கியது, 2003 ஜனவரியில் அமெரிக்க எம்.ரி.வி.க்கு வந்தது. பழைய பெரிய மனிதர்களின் உடற்கலங்களிலிருந்து படியெடுத்த பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடம். லிங்கன், ஜோன் ஒஃப் ஆர்க், கிளியோபற்றா, கெனடி, இவர்களோடு காந்தி. இந்தக் காந்திப் பையனுக்கு மூலத்தைப் போல வாழவேண்டும் என்ற பாரம் தாங்கவில்லை. ஆட்டமும் பாட்டும் கும்மாளமுமாகத் திரிகிறான். இந்தியாவில் எதிர்ப்புக் கிளம்பியது. 2003 ஜனவரியில், காந்தியின் நினைவுநாளை ஒட்டி, டெல்லியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். எம்.ரி.வி. மன்னிப்புக் கேட்டது. தொடர் 13 அங்கங்களோடு நின்றது. கடைசி அங்கத்தில் பிள்ளைகள் எல்லோரையும் குளிரில் உறையவைத்துவிடுவார்கள். 2023இல் தொடர் திரும்ப வந்தபோது மற்றவர்களை எழுப்பினார்கள், காந்தியை உறைந்தபடியே விட்டுவிட்டார்கள்.

இதில் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. மெல்பேணில் இருப்பவள் சென்னையில் படித்தவள். "ஒரு மனிதரின் பெயரை எடுத்துக் கோமாளி ஆக்கிவிட்டு, பகிடி விளங்கவில்லையா என்று கேட்பது வெள்ளைக்காரருக்குச் சுலபம்" என்றாள். ரொரன்ரோக்காரி, "அந்தப் பையன் நாங்கள்தான்" என்றாள். முன்னோர் மாதிரி வா, பள்ளிக்கூடத்தின் பெயரைக் காப்பாற்று, டொக்டராக வா என்று எங்களுக்கும் சொல்லித்தானே வளர்த்தார்கள். உயிரியல் படித்த பிள்ளையிடம், மருத்துவம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று யாராவது கேட்டதுண்டா? (மேடையில் இருக்கும் ஆசிரியைகள் மன்னிக்க வேண்டும்.) எங்கள் கணக்காளர் மூன்றாம் தரமும் எழுதி, மூன்று புள்ளியால் மருத்துவம் தவறியவள். அவள் அந்தத் தொடரை ஆறு தடவை பார்த்திருக்கிறாள். உண்ணாவிரதம் என்ற சொல் எங்கள் ஊரில் லேசான சொல் அல்ல. ஆகவே டெல்லியில் பட்டினி இருந்தவர்களைப் பார்த்து எங்களால் சிரிக்க முடியவில்லை. தொடரையும் கைவிட முடியவில்லை. சண்டை இன்னும் தீரவில்லை, இன்று பின்னேரமும் தொடரும்.

ஏன் எல்லாம் 13 என்று கணக்காளருக்கு ஒரு சந்தேகம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் புதிய தொடருக்கு முதலில் அரைப் பருவத்துக்குத்தான் ஓடர் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் 13 அங்கம். கார்ட்டூனில் ஒரு அங்கத்தை எழுதி, குரல் பதிந்து, அநேகமாகத் தென்கொரியாவுக்கு அனுப்பி வரைவித்து எடுக்க எட்டு ஒன்பது மாதம் ஆகும். அலைவரிசைக்காரர் முடிவு எடுப்பதோ சில கிழமைகளில். ஒளிபரப்பத் தொடங்கும்போது முழுவதையும் செய்து முடித்திருப்பார்கள். பிடிக்கவில்லை என்று நிறுத்தினால் மிச்சம் பெட்டிக்குள் இருக்கும். 2000இல் என்.பி.சி. ஒளிபரப்பிய 'கோட், த டெவில் அன்ட் பொப்' தொடரில் 13 செய்து நாலுதான் காட்டினார்கள். கார்ட்டூன் என்றால் பிள்ளைகளுக்கு என்று பெற்றோர் நினைப்பார்கள், பெரியவர்கள் அதனாலேயே பார்க்கமாட்டார்கள். இரண்டு பக்கத்தாலும் அடி.

அப்படி அடிபட்ட இன்னொன்று 'த ஒப்லோங்ஸ்'. 2001இல் டபிள்யூ.பி. அலைவரிசையில் வந்தது. 13இல் எட்டைக் காட்டிவிட்டு நிறுத்தினார்கள். மேட்டில் பணக்காரர், பள்ளத்தில் ஏழைகள். மேட்டிலிருந்து வரும் கழிவு பள்ளத்து மண்ணையும் தண்ணீரையும் நஞ்சாக்குகிறது. பள்ளத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தின் கதை. தகப்பன் பொப் கையும் காலும் இல்லாதவர். ஒட்டிப் பிறந்த இரட்டையர், தலையில் கட்டி வளர்ந்த மகள், ஒரே ஒரு மயிர் உள்ள மகன். பொப்புக்கு நச்சு மருந்துத் தொழிற்சாலையில் வேலை, வாயால் போத்தல் மூடி திருகுவது. அவர் எப்போதும் சந்தோஷமாக இருப்பார்.

கிளிநொச்சியில் இருப்பவள் இதைப் பார்க்கமாட்டேன் என்று நேராகச் சொன்னாள். அவளிடம் வரும் நோயாளிகளில் கால் இழந்தவர்கள் எத்தனை பேர், கை இழந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் வற்புறுத்தவில்லை. ஒரு வருடம் கழித்து அவளாகவே பார்த்துவிட்டு எழுதினாள்: "இந்த வீட்டில் கை கால் இல்லாதது பகிடியே இல்லை. அந்தாள் மனிசியோட நல்ல சந்தோஷமாக இருக்கிறார். மேட்டில இருக்கிறவைதான் பகிடி." சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் என்று ஊரே தண்ணீர்த் தாங்கிக்கு வரிசையில் நின்ற நாட்கள் அவை. வாளியோடு வரிசையில் நின்ற ஒரு ஆச்சி, "இனி வடை சுட எண்ணெய் வாங்கத் தேவையில்லை" என்று சொன்னதாகவும் எழுதியிருந்தாள். பக்கத்து வளவிலேயே நல்லதொரு வசனகர்த்தா இருக்கிறார் என்று பதில் போட்டோம்.

ஒன்றை மட்டும் எங்களால் சேர்ந்து பார்த்து முடிக்க முடியவில்லை. 'மொறல் ஒறெல்'. பொம்மைகளை இம்மி இம்மியாக அசைத்துப் படம்பிடித்தது. டீனோ ஸ்ரமற்றோபுலொஸ் செய்தது, 2005 முதல் 2008 வரை வந்தது. நல்ல பிள்ளையாக இருக்கவேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பும் ஒரு சிறுவன். முதல் தொடர் முழுவதும் சிரிப்புத்தான். இரண்டாம் தொடரின் முடிவில் தகப்பன் அவனை வேட்டைக்குக் கூட்டிப்போகிறார். நிறையக் குடிக்கிறார். வெறியில் மகனின் காலில் சுடுகிறார். பிறகு வரும் அங்கங்களில் அவன் நொண்டிக்கொண்டுதான் நடக்கிறான். அது மிகவும் இருண்டுபோனது என்று அலைவரிசை மூன்றாம் தொடரை 20 அங்கத்திலிருந்து 13ஆகக் குறைத்தது. ஆமாம், திரும்பவும் 13.

அந்த வேட்டை அங்கத்தை ஐந்து பேரும் ஐந்து இடத்தில் இருந்து ஒரே நேரத்தில் பார்த்தோம். முடிந்தபோது கிளிநொச்சிக்காரியின் திரை அணைந்திருந்தது. அடுத்த நாள் சொன்னாள், அன்று காலை அவளது கிளினிக்குக்கு ஒரு பையன் வந்திருந்தான், விழுந்துவிட்டேன் என்றான், தகப்பன் பக்கத்திலேயே நின்றார் என்று. என்ன நடந்தது என்று பையன் கடைசிவரை சொல்லவில்லை. பேச்சுத் தன் பக்கம் வரும்போதெல்லாம் அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். அவள் சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்தாள். ஒறெலை அவள் பிறகு பார்க்கவில்லை. மற்ற நால்வரும் பார்த்தோம், தனித்தனியாக. அதைப் பற்றி இன்றுவரை கதைத்ததில்லை.

எங்களுக்கு நேரம் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்று தலைவி மணி அடிக்கிறார். ஒரு நல்ல செய்தியோடு முடிக்கிறோம்.

நேற்று இந்த விழாவுக்காக வந்து இறங்கியதும் முதல் வேலையாகக் கணித மிஸ்ஸைப் பார்க்கப் போனோம். வயது 86. இங்கே வர முடியாத அளவுக்கு முழங்கால் வாதம். நாளை என்ன பேசப்போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம். "எனக்கும் ஒண்டைக் காட்டுங்கோவன்" என்றார். எதைக் காட்டுவது என்று ஐந்து பேரும் குசினிக்குள் நின்று ஆலோசித்து, 'ஸ்ட்ரெஸ்ட் எரிக்' போட்டோம். 1998இல் பி.பி.சி. 2இல் தொடங்கியது. நாற்பது வயது எரிக். மனைவி விட்டுப் போய்விட்டார். மகன் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடுவான். மகளுக்கு உலகத்தில் உள்ள எல்லாமே ஒவ்வாமை. பக்கத்து வீட்டில் ஒரு குறையும் இல்லாத குடும்பம். பிரச்சினை ஏற ஏற எரிக்கின் நெற்றிப் பொட்டில் ஒரு நரம்பு புடைத்துத் துடிக்கும். கடைசியில் அது வெளியே வந்து அவரது கழுத்தையே நெரிக்கும். அப்படி ஒரு நாளம் உடற்கூற்றியலில் இல்லை என்பதை வைத்தியர் என்ற முறையில் இங்கே பதிவு செய்கிறோம். அமெரிக்காவில் என்.பி.சி. இதை வாங்கி, எரிக்குக்கு ஹாங்க் அசாரியாவின் குரலைப் போட்டுக் காட்டியது. அங்கேயும் நிலைக்கவில்லை.

மிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கதிரையை முன்னால் இழுத்துவிட்டுப் பார்த்தார். முதல் பாதியில் ஒரு சிரிப்பும் இல்லை. எங்களுக்குப் பயமாகிவிட்டது. நரம்பு புடைக்கத் தொடங்கியபோது தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்கள் ஐந்து பேரையும் வரிசையாகப் பார்த்தார்.

"இது உங்கட வகுப்புக்கு நான் கணக்குப் படிப்பிச்ச காலமல்லோ" என்றார்.

சிரிக்கத் தொடங்கினார், நாங்களும் சிரித்தோம். இருமல் வந்துவிட்டது, தண்ணீர் கொடுத்தோம். நாடி பிடித்துப் பார்க்கப் போனவளின் கையைத் தட்டிவிட்டார்.

"இன்னும் எத்தினை இருக்கு?"

"மொத்தம் பதின்மூண்டுதான் மிஸ்."

"அவ்வளவுதானோ," என்றவர், விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, "மற்றதைப் போடுங்கோ" என்றார்.